ஹங் துவாவா? ஹங் ஜெபாட்டா?

மலாக்காவுக்குச் சுற்றுலா செல்லும் தமிழ்க் குடும்பங்கள் தவறாமல் எட்டிப் பார்க்கும் இடம் ஜோங்கர் வீதி. வார இறுதி இரவுச் சந்தை, செண்டோல், பழம்பொருள் கடைகள் என்று கூட்டம் அலைமோதும் அந்தத் தெருவின் அதிகாரப்பூர்வப் பெயர் ஜாலான் ஹங் ஜெபாட் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதே தெருவில் ஹங் கஸ்தூரியின் சமாதி என்று சொல்லப்படும் இடம் உள்ளது. சற்றுத் தொலைவில் ஹங் ஜெபாட்டின் சமாதி என்று சொல்லப்படும் இடமும் உண்டு. செண்டோல் கிண்ணத்துடன் அவற்றைக் கடந்து போகிறவர்களுக்கு நடுவே, அவற்றையே தேடிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஐந்து நண்பர்களின் கதையைப் படத்திலும் நாடகத்திலும் நாவலிலும் விடாமல் துரத்திப் பிடிக்கும் இரசிகர்கள் அவர்கள். எம்.ஜி.ஆரா, சிவாஜியா என்று அந்தக் காலத்தில் சண்டை போட்டுக்கொண்ட வீடுகளுக்கு இவர்களின் பேச்சு அந்நியமாகத் தோன்றாது. துவா பெரியவனா, ஜெபாட் பெரியவனா என்று தொடங்கினால் விடிய விடியப் பேசுவார்கள்.

பள்ளியில் படித்தது மறந்து போனவர்களுக்காகக் கதைச் சுருக்கம் இதோ. ஹங் துவா, ஹங் ஜெபாட், ஹங் கஸ்தூரி, ஹங் லெக்கிர், ஹங் லெக்கியூ ஆகிய ஐவரும் சிறு வயதுத் தோழர்கள். மலாக்கா அரசவையில் துவா உயர்ந்து லக்சமணா பதவியைப் பெறுகிறான். பொறாமை கொண்ட அதிகாரிகள், அரண்மனைப் பெண்ணுடன் அவனுக்குத் தொடர்பு என்று புறங்கூறுகிறார்கள். விசாரணை எதுவும் இல்லை. சுல்தான் மரண தண்டனை விதிக்கிறார். பெண்டஹாரா அவனைக் கொல்லாமல் மறைத்து வைக்கிறார். துவா இறந்துவிட்டான் என்று ஊரே நம்புகிறது. அவனுடைய இடமும், தாமிங் சாரி என்ற புகழ்பெற்ற கெரிஸும் ஜெபாட்டுக்குக் கிடைக்கின்றன. அந்த ஜெபாட்தான் பிறகு அரண்மனையைக் கைப்பற்றிக்கொண்டு சுல்தானையே வெளியேற வைக்கிறான். அவனை அடக்க யாராலும் முடியவில்லை. துவா உயிரோடு இருப்பது அப்போதுதான் வெளிப்படுகிறது. தன்னைக் கொல்லச் சொன்ன அரசருக்காக, தன் மீது அன்பு வைத்த நண்பனைத் துவா கொல்கிறான்.

கதையின் முள் இந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. ஐந்நூறு ஆண்டுகளாகியும் அது குத்திக்கொண்டே இருப்பதால்தான் ஒவ்வொரு தலைமுறையும் இதை மறுபடியும் சொல்லிப் பார்க்கிறது.

தமிழ் அறிந்தவர் இந்தக் கதையின் மலாய்ச் சொற்களைக் காதில் வாங்கினாலே பாதி புரிந்துவிடும். துவாவின் பதவியான லக்சமணா, இராமாயணத்து இலட்சுமணனின் பெயரிலிருந்து வந்தது. அண்ணனுக்காக எல்லாவற்றையும் துறந்தவனின் பெயரே கடற்படைத் தளபதியின் பட்டமாயிற்று. விசுவாசத்தைக் குறிக்கும் ‘செத்தியா’ வடமொழிச் ‘சத்திய’த்தின் மலாய் உருவம். ஜெபாட் செய்த குற்றத்துக்குப் பெயர் ‘டெர்ஹாகா’. அதன் வேரும், தமிழில் புழங்கும் துரோகத்தின் வேரும் ஒன்றே. சத்தியத்துக்கும் துரோகத்துக்கும் நடுவில் நடக்கும் கதை என்றால், நம்மவர் வீட்டில் யாருக்குத்தான் புரியாது?

நவீன மறுகதைகளில் மூத்த தலைமுறைக்கு நன்கு அறிமுகமானது 1956-இல் வெளிவந்த ‘ஹங் துவா’ வண்ணப்படம். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக் கூடத்தில் ஷா நிறுவனத்தார் தயாரித்தார்கள். துவாவாக நடித்தவர் பி.ரம்லி. இயக்கியவர் வங்காளத்திலிருந்து வந்த பணி மஜும்தார். மலாய்ப் படவுலகின் தொடக்க காலத்தை இந்திய இயக்குநர்களை விட்டுவிட்டு எழுத முடியாது. பி.ரம்லிக்கு முதன்முதலாகக் கதாநாயகன் வேடம் கொடுத்த 1950-ஆம் ஆண்டுப் படத்தை இயக்கியவர் தமிழரான எல்.கிருஷ்ணன். அந்தப் படத்தின் பெயரும் ‘பக்தி’! ‘ஹங் துவா’ படத்தின் இசைக்காக அதே ஆண்டு ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் பி.ரம்லி பரிசு பெற்றார். ஆனால் இரசிகர்கள் அந்தப் படத்தில் திரும்பத் திரும்பப் பேசுவது முடிவைப் பற்றித்தான். வெற்றி பெற்ற துவா மகிழவில்லை. சரியாக நடந்துகொண்டது தானா, ஜெபாட்டா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டில், திரையில் எழுப்பப்பட்ட கேள்வி அது.

அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் பலர் பதில் சொல்ல முன்வந்தார்கள். 1959-இல் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் காசிம் அகமது என்ற இளைஞர் பட்ட ஆய்வேடு ஒன்றைச் சமர்ப்பித்தார். கதையின் உண்மையான நாயகன் ஜெபாட்தான் என்பது அவர் வாதம். கேள்வி கேட்காத விசுவாசத்தைவிட, அநீதியை எதிர்த்து நின்றது பெரிது என்று அவர் கண்டார். 1961-இல் கவிஞர் உஸ்மான் அவாங், ஜெபாட்டின் மரணத்தை ஒரு மாவீரனின் மரணமாக வைத்து நாடகம் எழுதினார். அதே 1961-இல் அலி அஸிஸின் நாடகத்தைத் தழுவி, கேத்தே கெரிஸ் நிறுவனத்துக்காக ஹுசேன் ஹனிப் ‘ஹங் ஜெபாட்’ என்றே ஒரு படம் எடுத்தார். ஜெபாட்டாக நோர்டின் அகமது, துவாவாக எம்.அமீன். ஐந்தே ஆண்டுகளில் சுவரொட்டியில் இருந்த பெயர் மாறிவிட்டது!

இந்த மாற்றத்துக்குக் காலமே காரணம். நாடு விடுதலை பெற்ற நேரம் அது. மன்னர் சொல்லே சட்டம் என்றிருந்த பழைய உலகத்தையும், வாக்குச் சீட்டும் அரசியல் சட்டமும் வந்துவிட்ட புதிய உலகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இளம் எழுத்தாளர்களுக்கு ஒரு கதை தேவைப்பட்டது. புதிதாக ஒன்றைக் கட்டுவதைவிட, எல்லாருக்கும் தெரிந்த கதையைத் திருப்பிப் போடுவது எளிது, அழுத்தமாகவும் விழும். அந்த அலை பின்னர் வெகுதூரம் போயிற்று. 1999-இல் அரச மலேசியக் கடற்படையில் சேர்ந்த இரண்டு போர்க்கப்பல்களில் ஒன்றின் பெயர் லெக்கியூ. மற்றொன்றின் பெயர் ஜெபாட். துரோகி என்று பழங்கதையில் முத்திரை குத்தப்பட்டவன் பெயரைத் தேசத்தின் கப்பலே தாங்கியது. 1998-இல் வெளிவந்த ‘சீலாட் லெஜண்டா’ என்ற முழுநீளக் கார்ட்டூன் படம் ஐவரையும் சிறுவர்களிடம் கொண்டுசேர்த்தது.

“மூலக் கதையைக் கெடுக்கிறார்கள்” என்ற குற்றச்சாட்டு ஒவ்வொரு புதுப் படத்தின்போதும் எழுகிறது. இரசிகர்கள் கொஞ்சம் படித்து வைத்திருந்தால் இதற்கு நல்ல பதில் உண்டு. ‘ஹிக்காயாட் ஹங் துவா’ எழுதியவர் யாரென்று தெரியாத நூல். மலாக்கா 1511-இல் போர்த்துகீசியரிடம் வீழ்ந்து நெடுநாளான பிறகே அது இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது. ‘செஜாரா மெலாயு’ இன்னொரு பழைய நூல். அதன் பிரபலமான படிகளில் அரண்மனையைப் பிடித்துக்கொண்டு துவாவின் கையால் சாகிறவன் ஜெபாட் அல்லன், ஹங் கஸ்தூரி! பழைய நூல்களே ஒன்றை ஒன்று மாற்றிச் சொல்லியிருக்கின்றன. அப்படியிருக்க, 1961-இல் ஒருவர் மாற்றினால் மட்டும் குற்றமா?

மாற்றம் எவ்வளவு துணிச்சலாக இருக்கலாம் என்பதற்கு 2004-இல் சா தியோங் ஹின் இயக்கிய ‘புத்ரி குனோங் லேடாங்’ படம் நல்ல எடுத்துக்காட்டு. லேடாங் மலை இளவரசியாகத் தியாரா ஜாக்குலினாவும், அவளுடைய காதலன் ஹங் துவாவாகப் பாடகர் எம்.நாசிரும் நடித்தார்கள். படத்தைப் பார்த்து உருகியவர்கள் பிறகு ‘செஜாரா மெலாயு’வைப் புரட்டினால் திகைத்துப் போவார்கள். அதில் இளவரசியைப் பெண் கேட்கப் போகும் தூதுக்குழுவில் துவா இருக்கிறான், உண்மைதான். ஆனால் வயதாகிவிட்டது, மலையேற முடியவில்லை. துன் மாமாட் என்ற இளைஞன்தான் உச்சிக்குப் போகிறான். இளவரசி கேட்கும் சீர்வரிசையோ உலகத்தில் இல்லாதது: மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம், ஏழு தட்டு கொசு இதயம், ஏழு தட்டு உண்ணி இதயம், ஒரு சாடி கண்ணீர், இளம்பாக்குச் சாறு, சுல்தானின் இரத்தம் ஒரு கிண்ணம், அவருடைய மகனின் இரத்தம் ஒரு கிண்ணம். மற்றதையெல்லாம் கொடுக்கலாம், மகனின் இரத்தத்தை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை என்று சுல்தான் விலகிக்கொள்கிறார். கிழவன் துவாவைக் காதலனாக்கியது பொருத்தமா என்று கேட்டால், பொருத்தமே எனலாம். அரசருக்காக நண்பனை இழந்தவன், அதே அரசருக்காகக் காதலியையும் இழக்க வேண்டுமா என்று அந்தப் படம் பழைய முள்ளைத்தான் வேறிடத்தில் குத்துகிறது.

ஆனால் மறுகதையோடு நின்றுவிடும் இரசிகர் ஒன்றை இழக்கிறார். சுவரொட்டியிலும் மேடையிலும் பலர் அறிந்த ஜெபாட், நண்பனுக்காக உயிர் கொடுத்த நீதிமான். ஹிக்காயாட்டில் உள்ள ஜெபாட் அவ்வளவு சுத்தமானவன் அல்லன். அரசரின் செல்லப்பிள்ளையாகித் தலைகால் புரியாமல் ஆடுகிறான். அரண்மனைப் பெண்களைத் தன் சொத்துபோல நடத்துகிறான். முடிவு நெருங்கும்போது கதவுகளை அடைத்து அந்தப் பெண்களையெல்லாம் வெட்டிக் கொல்கிறான். இரத்தம் தரைப் பலகை வழியே கீழே வழிகிறது. துவா குத்திய பிறகும் காயத்தைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் நகரில் வெறியாட்டம் ஆடிப் பலரைக் கொல்கிறான். இவனுக்கா கைதட்டினோம் என்று முதன்முறை படிக்கும் இரசிகருக்கு வயிறு கலங்கும். கலங்கட்டும். துவாவும் தப்பவில்லை. அதே நூலில் அவன் மந்திர மருந்தால் துன் தேஜாவைத் தன் மேல் ஆசைகொள்ள வைத்து, கொண்டுவந்து சுல்தானிடம் ஒப்படைக்கிறான். கெரிஸை ஜெபாட்டிடமிருந்து திரும்பப் பெற்றதும் தந்திரத்தால்தான். இரு தரப்பையும் வெள்ளையடிக்காமல் விட்ட அந்தப் பெயர் தெரியாத ஆசிரியர், பின்னால் வந்த பலரைவிடத் தைரியசாலி.

துவா என்று ஒருவர் வாழ்ந்ததற்கே எழுத்துச் சான்று இல்லை என்று வரலாற்றுப் பேராசிரியர் கூ கே கிம் 2012-இல் சொன்னபோது நாடெங்கும் சர்ச்சை எழுந்தது. வரலாற்றுப் பாடத்துக்கு அது முக்கியமான கேள்வி. கதையின் இரசிகருக்கு அவ்வளவு முக்கியமில்லை. நண்பனா, அரசனா என்ற கேள்விக்குப் பிறப்புச் சான்றிதழ் தேவைப்படுவதில்லை.

தமிழ் வாசகர்கள் ஹிக்காயாட்டைத் திறக்க இன்னொரு காரணமும் உண்டு. ஜெபாட் இறந்த பிறகும் கதை நெடுந்தூரம் போகிறது. துவா தூதனாகக் கப்பலேறிக் கெலிங் நாட்டுக்கு, அதாவது தென்னிந்தியக் கரைக்கு, வருகிறான். நூலில் வரும் நகரின் பெயர் பிஜய நகரம். அவன் கற்ற பல மொழிகளில் அந்நாட்டு மொழியும் ஒன்று. அந்த மன்னனே பிறகு துவாவைத் தன் தூதனாகச் சீனாவுக்கு அனுப்புகிறான். கெலிங் என்ற சொல் இன்று நம்மைப் புண்படுத்தும் வசையாகிவிட்டது. இந்தப் பழைய ஏடுகளிலோ அது செல்வமும் கப்பல்களும் நிறைந்த ஒரு நாட்டின் பெயர். அந்தப் பக்கங்களைப் படித்தவருக்கு, வசை எவ்வளவு பிற்காலத்தது என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆதாரம் கையில் கிடைக்கிறது.

ஹிக்காயாட்டின் கையெழுத்துப் பிரதிகள் 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. காசிம் அகமது பதிப்பித்து 1964-இல் டேவான் பகாசா வெளியிட்ட மலாய்ப் பதிப்பு உண்டு. ஆங்கிலத்தில் படிக்க விரும்புவோருக்கு முகமது ஹாஜி சாலே மொழிபெயர்த்து 2010-இல் வந்த பதிப்பு உண்டு. தடித்த நூல்தான். முதல் பக்கத்திலிருந்து தொடங்க அலுப்பாக இருந்தால், துவாவுக்கு இரண்டாவது முறை மரண தண்டனை விதிக்கப்படும் இடத்திலிருந்து படிக்கலாம். ஜெபாட் சாகும் பக்கத்தில் மட்டும் சற்று நிதானிப்பது நல்லது. துவாவின் மடியில் கிடந்தபடி அவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான். டாங் பாரு என்ற பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. பிறப்பது ஆணாக இருந்தால் வளர்க்க வேண்டும் என்கிறான். கொன்றவன் ஒப்புக்கொள்கிறான். ஹங் நாடிம் என்ற அந்தப் பிள்ளை துவாவின் வீட்டில் வளர்கிறான்.