நாயின் அறிவுப்பசி

"நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பயனின்றி ஓடித் திரியும் மனிதரைச் சுட்டவே இதனை நாம் எடுத்தாளுகிறோம். ஆயினும், இதனை முதலிற் சொன்னவர் நாயையும் கூர்ந்து நோக்கியிருக்க வேண்டும். நாய்க்கு வேலையில்லை என்பது உண்மை. வேலையில்லாத காரணத்தாலேயே அதனால் ஓரிடத்தில் அமைதியாக நிற்க இயலவில்லை என்பதும் உண்மை. அறிவுள்ள ஒரு பிராணி, அவ்வறிவைச் செலுத்த வழியின்றித் தவிக்கும் நிலையையே அப்பழமொழி படம் பிடித்திருக்கிறது. இத்தவிப்பைத் தணிக்கும் எளிய வழிகளைப் பற்றி, நமது மலையகத் தோட்டங்களை மனத்திற் கொண்டு, சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

நாய் மனிதனோடு வாழத் தொடங்கிக் குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகின்றன என்பர் ஆராய்ச்சியாளர். அந்நெடுங்காலம் முழுவதும் அது சோற்றுக்காக மட்டும் நம் வாயிலிற் கிடந்த பிராணி அன்று. வேட்டையில் மோப்பம் பிடித்தது, மந்தையை மடக்கியது, இரவிற் காவல் காத்தது. மனிதன் தனக்கு வேண்டிய வேலைக்கு ஏற்ற குட்டிகளையே தேர்ந்து வளர்த்தான். அதனால் தேடுதல், துரத்துதல், தோண்டுதல், கடித்துப் பிரித்தல் ஆகிய விருப்பங்கள் நாயின் இயல்பில் ஊறிவிட்டன. வேலை போய்விட்டது, விருப்பம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

நமது மலைநாட்டின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. பிற்காலத்தில் ஆபிரிக்கப் பயணங்களாற் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறி, 1855 வரை அங்கே வாழ்ந்தார். இலங்கையிலே தேயிலைப் பயிர் வேரூன்றுவதற்கு முற்பட்ட காலம் அது. கூட்டமாக வளர்த்த வேட்டைநாய்களோடு அவர் ஹோர்ட்டன் சமவெளியிலும் சூழ்ந்த காடுகளிலும் மரை வேட்டையாடினார். மூடுபனியில் மனிதனின் கண் பயன்படாதபோது, நாய்கள் மோப்பத்தால் மரையைக் கண்டுபிடித்து, மலைச்சரிவுகளிலே துரத்திச் சென்று, ஓடைநீரில் மறித்து நிறுத்தும். வேட்டையை நாம் இன்று போற்றவேண்டியதில்லை. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்கே மரைகள் இன்று அச்சமின்றி மேய்கின்றன. ஆனால் ஒரு நாய் ஒரே நாளில் எத்துணை உழைக்க வல்லது, எத்துணை முடிவுகளைத் தானே எடுக்க வல்லது என்பதை அவ்வரலாறு காட்டுகிறது.

இனி, இன்றைய தோட்டத்து நாயைப் பார்ப்போம். நுவரெலியாப் பக்கத்தில் லயத்துக்குப் பின்னால் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு பயிரிட்ட சிறு தோட்டங்கள் பல உண்டு. காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் அவற்றில் நுழையாதிருக்க நாய் வேண்டும். ஆகவே ஒரு குட்டியைக் கொண்டுவந்து, சற்று வளர்ந்ததும் சங்கிலியிற் கட்டுகிறோம். விடிந்ததும் வீட்டார் பிரட்டுக் களத்திற்கும், பின்னர் கொழுந்து மலைக்கும் போய்விடுகின்றனர். பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்கின்றனர். நாய் மட்டும் கம்பத்தைச் சுற்றி வட்டமிட்டு, அவ்வட்டத்திற் புல்லும் முளையாதபடி மண்ணைத் தேய்க்கிறது. பிற்பகலில் ஒரு சட்டியிற் சோறு வருகிறது. ஒரு நிமிடத்தில் அது தீர்ந்துவிடுகிறது. அந்நாளிலே அதன் அறிவுக்குக் கிடைத்த வேலை அவ்வொரு நிமிடமே.

இதன் விளைவை நாம் வேறு பெயர்களால் அழைக்கிறோம். ஓயாது குரைத்தால் "தொல்லை பிடித்த நாய்" என்கிறோம். செருப்பைக் கடித்தால் "திருட்டு நாய்" என்கிறோம். அவிழ்த்துவிட்டதும் தலைதெறிக்க ஓடி, பாடசாலை விட்டு வரும் பிள்ளையின்மேற் பாய்ந்தால் "பொல்லாத நாய்" என்கிறோம். பின்னர் அதனை வேறு தோட்டத்தின் எல்லையிலே விட்டுவிடுகிறோம். சிலர் நஞ்சும் வைக்கின்றனர். எல்லாக் கடிக்கும் சோம்பலே காரணம் என்று நான் சொல்லவில்லை. அச்சம், நோய், குட்டியீன்ற தாயின் கவலை எனக் காரணங்கள் பல. ஆனால் செய்வதற்கு ஒன்றுமில்லாமற் கட்டுண்டு கிடக்கும் நாய் விரைவிற் பதற்றமடையும். அப்பதற்றத்தின் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் குழந்தைகளே.

நாய்க்கு மனவேலை உண்மையில் மகிழ்ச்சி தருகிறதா என்பதை அறிஞர்கள் சோதித்துள்ளனர். 2014இல் வெளியான ஒரு சுவீடன் ஆய்வில் பீகிள் இன நாய்கள் இரண்டிரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒன்று, ஒரு சாதனத்தைத் தானே இயக்கிப் பரிசைப் பெற்றது. மற்றதற்கோ அதே பரிசு, அதே நேரத்தில், அதன் முயற்சிக்குத் தொடர்பின்றிக் கொடுக்கப்பட்டது. நாட்கள் செல்லச் செல்ல, முதல்வகை நாய்கள் வாலாட்டிக்கொண்டு சோதனைக் கூடத்துக்குள் விரைந்தன. இரண்டாம் வகை நாய்களோ உள்ளே வரத் தயங்கின. பரிசு ஒன்றே, இன்பம் வேறு. தான் முயன்று பெற்றோம் என்ற உணர்வு நாய்க்கும் உண்டு என்பதே இதன் பொருள்.

மனிதனின் மூக்கில் மணத்தை உணரும் கலங்கள் சுமார் 50 இலட்சம் என்றும், நாய்க்கு அவை 20 கோடிக்கும் மேல் என்றும் மதிப்பிடுவர். உலகை நாம் பார்க்கிறோம், நாய் முகர்கிறது. 2019இல் வெளியான மற்றோர் ஆய்வில், சில நாய்கள் மறைத்த உணவை மூக்கால் தேடும் பயிற்சியையும், வேறு சில மனிதனின் காலடியோடு ஒட்டி நடக்கும் பயிற்சியையும் இரண்டு வாரம் பெற்றன. பின்னர், உணவு உண்டோ இல்லையோ எனத் தெரியாத ஒரு கிண்ணத்தை முன்வைத்தபோது, மூக்குக்கு வேலை பெற்ற நாய்கள் முன்னிலும் விரைந்து அதனை நாடின. அவற்றின் மனத்தில் நம்பிக்கை மிகுந்திருந்தது என ஆய்வாளர் கொண்டனர்.

இவ்வறிவை வணிகரும் பயன்படுத்தியுள்ளனர். 1976இல் ஜோ மார்க்கம் என்ற அமெரிக்கர், தம் நாய் மோட்டார் வண்டியின் இறப்பர் உறுப்பொன்றைக் கடித்து மகிழ்வதைக் கண்டு, உள்ளே உணவு அடைக்கத்தக்க உறுதியான இறப்பர் விளையாட்டுப் பொருளொன்றை ஆக்கினார். சுவீடனில் நீனா ஒட்டோசன் என்னும் பெண்மணி, மூடிகளை நகர்த்தி உணவைத் தேடும் மரப்பலகைப் புதிர்களைச் செய்தார். இவை இன்று உலகெங்கும் விற்கின்றன.

இங்கே ஒரு கேள்வி எழலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஒரு குடும்பமே நெருங்கி வாழும்போது, நாயின் மனத்துக்கு விளையாட்டுப் பொருள் தேடுவதா? நியாயமான கேள்வியே. அதனாலேயே காசு செலவாகாத வழிகளை மட்டும் சொல்கிறேன். நாய்க்கு எப்படியும் கொடுக்கும் உணவைக் கொடுக்கும் முறையை மாற்றுகிறோம், அவ்வளவே.

முதலாவது, சாக்கு. பழைய சாக்கொன்றைச் சுத்தமாகத் துவைத்து விரித்து, கோதுமை மா ரொட்டியின் சிறு துண்டுகளைத் தூவி, பாய் சுருட்டுவதுபோல் தளர்வாகச் சுருட்டிக் கொடுங்கள். நாய் மூக்கால் தள்ளி அதனை விரித்து ஒவ்வொரு துண்டாக எடுக்கும். பழகியபின் சாக்கை இரண்டாக மடித்துச் சுருட்டலாம்.

இரண்டாவது, சிரட்டை. சம்பலுக்குத் தேங்காய் துருவியபின் அடுப்புக்குப் போகும் சிரட்டைகளில் மூன்றை எடுத்து, விளிம்பைக் கல்லில் உரைத்து மழுக்குங்கள். ஒன்றின் கீழ் உணவை வைத்து, மூன்றையும் கவிழ்த்துவையுங்கள். எதன் கீழ் இருக்கிறது என்பதை நாய் முகர்ந்து கண்டு கவிழ்க்கட்டும். முதலில் அது பார்க்கும்படி வைத்து, பின்னர் பார்க்காதபடி வையுங்கள்.

மூன்றாவது, பெட்டி. கடையிலிருந்து வரும் அட்டைப்பெட்டியின் பசைநாடாவையும் கம்பிகளையும் நீக்கி, கசக்கிய தாள்களால் நிரப்பி, இடையிடையே உணவை மறைத்துவையுங்கள். கிழிப்பதற்கென்றே ஒரு பொருள் கிடைத்த நாய்க்குச் செருப்பின்மேல் ஆசை குறையும். அட்டையை விழுங்கும் பழக்கமுள்ள நாய்க்கு மட்டும் இது வேண்டாம்.

நான்காவது, ஒளித்துத் தேடல். ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் வாசல், வேலியோரம், விறகுக்கட்டு என ஐந்தாறு இடங்களிலே துண்டுகளை வைத்து வரட்டும். பின்னர் "தேடு" என்று ஒரே சொல்லைச் சொல்லி அவிழ்த்துவிடுங்கள். பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள், பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில், இதனைச் செய்யலாம். நாயைக் கல்லெறிந்து விரட்டிய பிள்ளை, அதன் அறிவை வியக்கக் கற்றுக்கொள்ளும். அதுவும் ஒரு கல்வியே.

இவற்றிற்குச் சில விதிகள் உண்டு. புதிருக்கு வைப்பது மேலதிக உணவன்று. அன்றைய உணவின் ஒரு பங்கே. பத்து நிமிடம் போதும். தொடக்கத்தில் மிக எளிதாக வைத்து, வென்றபின் சற்றே கடினமாக்குக. நாய் சலித்து முனகினால் உதவி செய்க, வலிந்து செய்விக்கலாகாது. 2024இல் வெளியான ஓர் ஆய்வில், எளிய தட்டும் புதிரும் அருகருகே இருந்தபோது நாய்கள் புதிரிலும் ஈடுபட்டன; ஆயினும் தட்டையே அதிகம் நாடின. ஆகவே பசியால் வாடும் நாய்க்குப் புதிர் வைப்பது கொடுமை. முதலில் வயிறு, பின்னர் அறிவு. இரண்டு நாய்கள் இருந்தால் தனித்தனியே வையுங்கள். இன்றேல் சண்டை மூளும். உண்ணும் நாயிடமிருந்து எதனையும் பறிக்க வேண்டாமென்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

எச்சரிக்கைகளும் சில. சமைத்த கோழியெலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். சோளப்பொத்தியின் நடுத்தண்டு குடலை அடைக்கும். வெங்காயமும் சொக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. தேயிலைத் தூளையும், தேநீர் வடித்த சக்கையையும் நாய்க்கு எட்டாதபடி எறிய வேண்டும். மனிதனுக்குச் சுறுசுறுப்பூட்டும் அதிலுள்ள கஃபீன் நாயின் இதயத்தைத் தாக்கும். கிருமிநாசினியும் களைநாசினியும் அடைத்த போத்தல்களையோ உரச் சாக்கையோ எவ்வளவு கழுவினாலும் இவ்விளையாட்டுக்குப் பயன்படுத்தலாகாது.

புதிர் எல்லாவற்றுக்கும் மருந்தாகாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஓட இடம், குடிக்க நீர், மழைக்கும் பனிக்கும் ஒதுக்கிடம், மனிதரின் துணை ஆகியவற்றுக்கு அது ஈடன்று. ஹட்டன், நோர்வூட் பகுதிகளின் தோட்டங்களையொட்டிய காடுகளிற் சிறுத்தைகள் வாழ்கின்றன. நாய் அவற்றிற்கு எளிய இரை. இரவில் வெளியே கட்டப்பட்ட நாய், ஓடவும் வழியின்றிச் சிறுத்தையை லயத்து வாசலுக்கே அழைப்பதாகும். பொழுது சாய்ந்ததும் அதனை மூடிய இடத்திற்குள் சேர்ப்பது நாய்க்கும் நமக்கும் நலம். சுகாதாரத் துறையினர் போடும் விசர்நாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறவிடலாகாது. எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் திடீரெனக் குணம் மாறினால், அதனைச் சோம்பலென்று எண்ணிப் புதிர் வைக்க முற்படாமல், விலகி நின்று மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவியுங்கள்.

நேயர்களே, நாய் நம்மிடம் கேட்பது பெரிதன்று. நாள் முழுதும் அது நம் வீட்டையும் பயிரையும் காக்கிறது. அதற்கு நாம் ஒரு சட்டி சோறு கொடுக்கிறோம். அச்சோற்றில் ஒரு பிடியை எடுத்து, சிரட்டையின் கீழே மறைத்துவைத்தால், கூலியோடு சிறிது மதிப்பையும் சேர்த்துக் கொடுத்தவராவோம். நாளை மாலை மலையிலிருந்து திரும்பியதும் மூன்று சிரட்டைகளோடு தொடங்கிப் பாருங்கள். நிற்க நேரமில்லாமல் வட்டமிட்டுக்கொண்டிருந்த நாய், தேடி முடித்தபின் தானே கால்மடக்கிப் படுத்து உறங்குவதைக் காண்பீர்கள்.