யந்திரத்துக்கு ஒரு ஸ்வபாவம்

எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்காகப் பிள்ளைகள் ஒரு நாடகம் எழுதிக்கொண்டு வந்தார்கள். திருப்பூர்ப் பிள்ளைகள் அல்லவா? பனியன் கம்பெனிக்கு ஒரு யந்திரப் பெண் வேலைக்கு வருகிறாள் என்பது கதை. அவளுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. எல்லோரிடமும் இனிமையாகப் பேசுகிறாள்; எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்கிறாள். இரண்டு காட்சி கேட்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. பிள்ளைகளுக்கும் வந்தது; உபாத்தியாயர் எதிரில் என்று அடக்கிக்கொண்டார்கள்.

செயற்கை அறிவைக் கொண்டு, நம்மோடு சம்பாஷிக்கும் பாத்திரங்களைப் படைக்கிறவர்களுக்கும் இதே சங்கடந்தான். 'நீ ஒரு கோபக்காரக் கிழவி' என்று கணிப்பொறிக்கு எழுதி வைக்கிறார்கள். பத்துக் கேள்விக்குப் பிறகு பார்த்தால், கிழவி சாந்த ஸ்வரூபியாக மாறி நமக்கு உபகாரம் செய்யத் தொடங்கியிருப்பாள். கோபம் என்பது வெறும் பெயர். எதைக் கண்டால் கோபம் வருகிறது, எதைக் கண்டால் வராது என்று சொன்னால் அல்லவா அது குணமாகும்?

ஆனால் மனிதர்களாகிய நாம் இந்த விஷயத்தில் சுலபமாக ஏமாறக்கூடியவர்கள். 1966-ல் அமெரிக்காவில் ஜோசப் வைசன்பாம் என்ற ஆசிரியர் 'எலிஸா' என்றொரு கணிப்பொறி நிரலைப் பற்றி எழுதினார். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்பதுதான் அதன் வித்தை. அதைத் தயாரித்த விதத்தை அறிந்திருந்த அவருடைய காரியதரிசியே, அதனுடன் தனிமையில் பேசவேண்டும் என்று அவரை அறையைவிட்டுப் போகச் சொன்னாளாம்! அங்கே குணம் யந்திரத்தில் இல்லை. பேசுகிறவளின் மனத்தில் இருந்தது.

நம் தமிழில் இதைச் சரியாகச் செய்தவர் சுஜாதா. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஞ்சினீயராக இருந்த அவர், 1980-களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா'வை எழுதினார். அதில் வரும் ஜீனோ ஒரு யந்திர நாய். புத்தகம் படிக்கும், அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசும். நாய்தானே என்று பிறர் அலட்சியமாக நினைக்கக்கூடிய நிலையில் இருந்துகொண்டு பேசுவதால்தான் அதன் பேச்சில் காரம் ஏறுகிறது. அதையே ஒரு பண்டிதராகப் படைத்திருந்தால் யார் ரசித்திருப்பார்கள்?

சுஜாதா வசனத்தில் பங்குகொண்ட 'எந்திரன்' படம் 2010-ல் வந்தது. அதில் சிட்டி என்னும் யந்திர மனிதன், தீப்பிடித்த கட்டடத்திலிருந்து குளித்துக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே தூக்கிவந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறான். அவள் அவமானம் தாங்காமல் ஓடி, வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். சிட்டிக்குக் கெட்ட எண்ணம் இல்லை. உயிர் தெரிகிறது; மானம் தெரியவில்லை. அந்தத் தெரியாமைதான் அவன் ஸ்வபாவம்.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். அவள் தாயார் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறவர்.

"எங்கம்மா எந்தத் துணியைப் பார்த்தாலும் ஓட்டையைத்தானுங்க சார் தேடும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பக்கத்துல இருக்கிறவங்க சட்டையில தையல் விட்டிருக்குதான்னு பார்க்கும்."

அன்றே யந்திரப் பெண்ணுக்குச் செக்கிங் வேலை கொடுத்தோம். துணியின் குறையைக் காமிராக் கண்ணால் கண்டுபிடிக்கும் யந்திரங்கள் உலகில் உண்டுதானே! முதலாளியின் சட்டையில் எண்ணெய்க் கறை, மேஸ்திரியின் காலரில் கிழிசல் என்று அவள் சொல்லச் சொல்ல, ஒத்திகையிலேயே சிரிப்பு.

கடைசிக் காட்சியில்தான் தகராறு வந்தது. இரவு ஷிப்டில் கண் சோர்ந்த ஒரு தொழிலாளி அம்மாள் ஓட்டை விழுந்த பீஸ் ஒன்றை விட்டுவிடுகிறாள். யந்திரம் பார்த்துவிடுகிறது. சொன்னால் அம்மாளுக்கு வேலை போய்விடும். "இரக்கப்பட்டு மறைக்கட்டும்" என்றார்கள் பையன்கள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

"மறைச்சா அது எங்கம்மா மாதிரி இருக்காதுங்க சார். எங்கம்மா மறைக்காது" என்றாள் அந்தப் பெண்.

வசனத்தை அவளே எழுதினாள். மேடையில் யந்திரம் அந்தப் பீஸைத் தூக்கிக் காட்டி, "ஓட்டை" என்றது. பிறகு, "இதற்கு முன் இவர் பார்த்த ஆயிரம் பீஸில் ஓட்டை இல்லை. அதையும் எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டது. முதலாளி வேஷம் போட்ட பையன் பதில் சொல்லாமல் நின்றான். அப்படியே திரை விழுந்தது.

நாடகம் முடிந்தபின் அந்தப் பெண்ணின் தாயார் மேடைக்குப் பின்புறம் வந்தார். வெள்ளித்தாள் ஒட்டிய யந்திரச் சட்டையைக் கையில் வாங்கி, தோள்பட்டையில் தையல் விட்டிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.