விழா அலங்காரத்துக்கு ஓலையும் கோரையும்

நம் மாநிலத்துப் பஞ்சாயத்துகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. குடியரசு நாள், மார்ச்சு 22, மே நாள், சுதந்திர நாள், காந்தியடிகள் பிறந்த நாள், நவம்பர் முதல் நாள் ஆகியவை அவை. இவற்றுடன் அம்மன் கோவில் கொடை, பள்ளி ஆண்டு விழா, வீட்டுத் திருமணம் என்று ஒவ்வொன்றுக்கும் பந்தலும் தோரணமும் வேண்டியிருக்கின்றன. முன்னாளில் ஊராரே தென்னங்குருத்தையும் மாவிலையையும் கொண்டு இவற்றைச் செய்தனர். பின்னர் கடைச் சரக்கு வந்தது. தெர்மாகோல் எழுத்துகளுக்கும் பிளாஸ்டிக் கொடிகளுக்கும் கொடுக்கும் காசு நகரத்துக்குப் போகிறது. மறுநாள் அந்தச் சரக்கோ வாய்க்கால் மதகில் போய் அடைத்துக்கொள்கிறது.

இவற்றில் சிலவற்றைச் சட்டமே இப்பொழுது விலக்கியுள்ளது. 2019 சனவரி முதல் நாள் தொட்டு நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடை செய்யப்பட்டன. 2022 சூலை முதல் நாள் நாடு முழுவதற்கும் வந்த தடையில், பிளாஸ்டிக் கொடிகளும் அலங்காரத்துக்கான தெர்மாகோலும் பெயர் சுட்டியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே கிராமசபை மேடையில் தெர்மாகோல் எழுத்துகளை ஒட்டிவிட்டுக் குப்பை மேலாண்மை பற்றித் தீர்மானம் நிறைவேற்றும் பஞ்சாயத்து, தானே விதியை மீறுகிறது. பிளாஸ்டிக் பூச்சரங்களின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்று கடைக்காரர் சொல்லக்கூடும். பட்டியலில் இல்லாமையால் அவை மண்ணில் மக்கிவிடப் போவதில்லை.

வேறு எதைக் கொண்டு அலங்கரிப்பது? தச்சநல்லூரில் நின்று இருபுறமும் பார்த்தால் விடை கிடைத்துவிடும். 1994-இல் அமைந்த திருநெல்வேலி மாநகராட்சியின் ஒரு பகுதியாகத் தச்சநல்லூர் இன்று இருக்கிறது. அதற்குத் தெற்கே தாமிரபரணிப் பாசனம். நெல், வாழை, தென்னை. வடக்கே மதுரைச் சாலை வழியே தாழையூத்து, கங்கைகொண்டான் பக்கம் போகப் போக மானாவாரி நிலமும் பனையும். ஆற்றின் மேல்பக்கம் சேரன்மகாதேவிக்கு அருகே கோரைப்பாய்க்குப் பெயர்போன பத்தமடை. நன்செய்க்காரருக்குத் தென்னங்குருத்தும் புன்செய்க்காரருக்குப் பனங்குருத்தும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. குருத்து இலவசப் பொருளன்று. தென்னை மாதத்துக்கு ஓர் ஓலை என்ற கணக்கிலேயே வளர்கிறது. ஓலைக்கு ஒரு பாளை அதன் இயல்பு. காய்க்கும் மரத்தின் குருத்தை வெட்டினால் அம்மரத்துக்கு உணவு ஆக்கும் ஓர் ஓலை குறைகிறது. அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. பச்சை வெட்டுக்காயத்தின் வாடை சிவப்புக் கூன்வண்டை அழைத்துவரும். வண்டின் புழு கொண்டைக்குள் புகுந்துவிட்டால் மரம் தப்புவது அரிது. ஆதலின் தென்னங்குருத்து வேண்டுவோர், காற்றில் சாய்ந்த மரம், காய்ப்பற்று வெட்ட முடிவு செய்த மரம் ஆகியவற்றிலிருந்து மட்டும் எடுப்பதே நலம். ஒரு நாள் தோரணத்துக்காகத் தோப்பைச் சுற்றிவருதல் கூடாது.

பனை நமது மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று 2021-ஆம் ஆண்டின் முதல் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. வெட்டாமலேயே பனையைக் கொல்லவும் முடியும் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். பனைக்குக் கிளை கிடையாது. உச்சியிலுள்ள ஒரே முளையே அதன் உயிர். விரியாத குருத்தோலையை அறுக்கும்போது அரிவாள் அந்த முளையைத் தொட்டுவிட்டால் மரம் அத்துடன் முடிந்தது. எனவே ஓலை எடுக்கும் வேலையைப் பழக்கப்பட்ட பனையேறியிடமே ஒப்படைத்தல் வேண்டும். ஒரு மரத்தில் ஒரு குருத்துக்குமேல் வாங்காமல், அடுத்த முறை வேறு மரத்துக்குப் போக வேண்டும். பதனீர் இறக்கும் மரத்தை அறவே விட்டுவிடலாம். ஆளுயரத்துக்குச் சற்று மேற்பட்ட வடலிகளில் ஏறாமலேயே ஓலை எடுக்கலாம் என்றாலும், வளரும் பிள்ளை மரமாதலால் அவற்றிலும் அதே கட்டுப்பாடு பொருந்தும். விரிந்து முற்றிய சாரோலை விசிறிக்கும் பெட்டிக்கும் ஆகும்; வெண்மையும் மென்மையும் வேண்டிய நுண்ணிய வேலைக்கே குருத்து இன்றியமையாதது.

எடுத்த குருத்தை இதழ் இதழாகப் பிரித்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்தினால் வெளுத்துத் தந்த நிறம் பெறும். இரவில் பனியில் கிடக்க விட்டால் கறுப்புப் புள்ளி விழும். பிறகு ஒவ்வோர் இதழிலும் நடுவேயுள்ள ஈர்க்கைக் கிழித்தெடுத்து, அதை எறியாமல் தனியே கட்டி வைக்க வேண்டும். ஓலையைக் கால் அங்குலம், அரை அங்குலம், ஓர் அங்குலம் என ஒரே சீரான அகலத்தில் வகிர்ந்துகொள்ளலாம். அகலம் மாறினால் எவ்வளவு கைத்திறன் இருந்தும் வேலை கோணலாகவே அமையும்.

சாயம் வேண்டுமாயின், மஞ்சள்தூள் கரைத்த கொதிநீரில் ஓலையைப் போட்டு எடுத்தால் மஞ்சள் ஏறும். வெயிலில் விரைவில் வெளிறிவிடும் என்பதால் நிழற்பந்தலுக்கே அது ஏற்றது. சிவப்புக்குப் பதிமுகக் கட்டையைச் சீவிக் கொதிக்க வைத்துச் சிறிது படிகாரம் சேர்க்கலாம். வேலை தொடங்குமுன் ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். காய்ந்த ஓலை மடிப்பில் முறியும். சொட்டச் சொட்ட நனைத்த ஓலையோ உலர்ந்தபின் சுருங்கி மடிப்பு தளர்ந்துவிடும்.

முதலில் கற்க எளியது சங்கிலித் தோரணம். ஒரே அகலமுள்ள இரண்டு பட்டைகளின் நுனிகளை ‘ட’ என்னும் எழுத்தைப்போலக் குறுக்காக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரு தையல் போட வேண்டும். அடியிலுள்ள பட்டையை மேலே உள்ளதன்மீது மடிக்க வேண்டும். இப்பொழுது அடியிலாகிவிட்டதை மீண்டும் மேலே மடிக்க வேண்டும். இப்படியே மாறி மாறி மடித்துச் சென்றால், ஆர்மோனியத் துருத்திபோல் நீளும் சதுரச் சங்கிலி கிடைக்கும். பட்டை தீரும்போது புதிய பட்டையின் நுனியை இரண்டு விரற்கடை செருகித் தொடரலாம். வெள்ளை ஒன்றும் சிவப்பு ஒன்றுமாக எடுத்தால் பார்வைக்கு அழகு. தொங்கல் பூவுக்கு ஓர் அங்குலப் பட்டையைச் சேலைக் கொசுவம்போல் முன்னும் பின்னும் மடித்து, ஓர் ஓரத்தை நாரால் இறுக்கி, இரு முனைகளையும் இணைத்தால் வட்டமாக விரியும். மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகள்கூட ஒரு பிற்பகலில் இதைக் கற்றுவிடுவர். பாளையங்கோட்டைப் பக்கம் குருத்தோலை ஞாயிற்றுக்குச் சிலுவை மடித்துப் பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை.

எடுத்து வைத்த ஈர்க்கு வளையலுக்கு ஆகும். மூன்று ஈர்க்குகளை நீரில் ஊற வைத்துச் சேர்த்து வளைத்து, குவித்த கை நுழையும் அளவில் முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கட்ட வேண்டும். அதன்மேல் கால் அங்குல ஓலையைச் சிறிது ஏறினாற்போலச் சுற்றிவந்து, கடைசி நுனியை ஊசியால் முந்தைய சுற்றுகளின் அடியில் செருகிவிட வேண்டும். சுற்றும்போது நிறமேற்றிய பட்டை ஒன்றை நீளவாட்டில் வைத்து, ஒரு சுற்று அதன் மேலாகவும் அடுத்த சுற்று அதன் கீழாகவும் போனால் கட்டம் கட்டமாகக் கோலம் விழும். கொடைத் திருவிழாவில் சிறுமியர் இவற்றை விரும்பி வாங்குவர்.

பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஒரு நல்ல பாயை வெட்டிக் கைப்பை செய்யுமாறு நாம் கூறவில்லை. ஓரம் நைந்த பழம்பாய், நெசவில் மிஞ்சிய துண்டு ஆகியவையே போதும். கோரைப்பாயை வெட்டினால் பாவுநூல் அவிழ்ந்து கோரை உதிர்ந்துவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. வெட்ட வேண்டிய இடத்தின் இருபுறமும் தையல் இயந்திரத்தில் இரண்டு கோடு தைத்துவிட்டு, அவற்றின் நடுவே கத்தரிக்க வேண்டும். பிறகு பழஞ்சேலைக் கரையை ஓரத்தில் மடித்துத் தைத்துவிடலாம். கிராமசபைத் தாள்களை வைக்கும் உறை, மேசை விரிப்பு, சில்லறைப் பை ஆகியவை இவ்வாறு எளிதில் அமையும். வண்ணத்தாள் தோரணம் பள்ளிகளில் அனைவரும் அறிந்ததே. மைதாப் பசையும் நூலும் போதும்.

இனிப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது கூலி. ‘வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே’ என்று கூறி ஒரு தோரணத்துக்குச் சில ரூபாய் கொடுக்கும் வழக்கத்தினாலேயே இத்தொழில் பல ஊர்களில் நசிந்தது. மடிக்கும் நேரம் கண்ணுக்குத் தெரிகிறது. உலர்த்துதல், வகிர்தல், சாயமிடுதல் ஆகியவை தெரிவதில்லை. ஒரு தோரணத்துக்கு இவை எல்லாம் சேர்ந்து அரை நாள் ஆகிறதெனில், அவ்வூரில் களையெடுப்புக்குக் கொடுக்கும் அரைநாள் கூலியும் பனையேறியின் கூலியில் பங்கும் அதன் விலையில் அடங்க வேண்டும். கடைத் தோரணத்தைவிட விலை கூடுதலாகத்தான் வரும். ஆனால் ஓலைத் தோரணம் மழையில் நனையாமல் காக்கப்பட்டால் அடுத்த விழாவுக்கும் உதவும். கொடுத்த காசும் ஊரிலேயே தங்கும். தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் மகளிர் கூட்டுறவு முறையில் ஓலைப் பொருள்கள் செய்து வெளியூர்களுக்கு விற்றதை இங்கு நினைக்கலாம். தனித்தனியே தரகரிடம் பேரம் பேசுவதைவிட, மகளிர் சுய உதவிக் குழுவின் பெயரில் பஞ்சாயத்து ஆணை கொடுப்பது இரு தரப்பாருக்கும் தெளிவானது.

ஆணையை விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாகக் கொடுத்துப் பயனில்லை. ஓலை உலரவே மூன்று நாள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதுவும் போதாது. குடியரசு நாளுக்கு வேண்டியதைப் பொங்கலுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நவம்பர்க் கூட்டத்துக்கான ஓலையைப் புரட்டாசி வெயிலிலேயே உலர்த்திக் கட்டி வைக்கலாம். காய்ந்த ஓலை தீயை விரைவில் பற்றும். குத்துவிளக்குக்கும் மின்விளக்கின் சூட்டுக்கும் எட்டாத உயரத்தில் கட்டுவது அவசியம். கூட்டம் முடிந்ததும் தோரணத்தை அவிழ்த்து, ஒரு நாள் வெயிலில் காட்டி, காற்றுப்படும் இடத்தில் துணியில் சுற்றித் தொங்கவிட வேண்டும். பூஞ்சணம் பிடித்தவற்றை மட்டும் பிரித்தெடுத்து எருக்குழியில் போட்டுவிடலாம்.