இருபது லீற்றர் கற்றுத்தந்த கணக்கு

வியாபாரிகளாகிய நாம், ஒரு யார் துணியில் எத்தனை ரூபா மிஞ்சும் என்பதை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். ஆனால், கடை வாசலில் நிற்கும் நமது வேன் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. 2022ஆம் ஆண்டு வரை எனக்கும் தெரியாது.

அந்த வருட ஆரம்பத்தில் 177 ரூபாவாக இருந்த ஒக்டேன் 92 பெற்றோல், ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவாகியது. பணம் கொடுத்தாலும் எண்ணெய் இல்லை. ஷெட்டில் வரிசையில் கிடந்தே நாட்கள் கழிந்தன. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கும் வேனுக்கும் வாரத்துக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று பங்கீடு செய்தார்கள்.

எனது வீடு கொட்டாஞ்சேனையில், கடை வெள்ளவத்தையில். போக வர சுமார் 20 கிலோமீற்றர். ஆறு நாட்களுக்கு 120. ஓடிய தூரத்தையும் அடித்த லீற்றரையும் ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தபோது, எனது வேன் லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர்தான் ஓடியது. இருபது லீற்றருக்கு 160 கிலோமீற்றர். அதில் 120ஐக் கழித்தால், வாரம் முழுவதும் வாடிக்கையாளர்களுக்குச் சாமான் கொண்டு போய்க் கொடுக்க மிஞ்சுவது வெறும் நாற்பது. இதை வைத்துக்கொண்டு தெஹிவளைக்கும் மருதானைக்கும் எப்படி ஓடுவது?

இந்த இடத்தில் எனது பழைய மடமை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2008இல் நமது நாட்டில் ஒருவர் தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொல்லி, மூன்று லீற்றர் தண்ணீரில் 300 கிலோமீற்றர் ஓடியதாகப் பத்திரிகைகளிலும் செய்தி வந்தது. அன்றைய பிரதமரே அந்தக் காரைப் பார்வையிட்டார். சில மாதங்களில் முதலீட்டு மோசடிச் சந்தேகத்தில் அந்த மனிதர் கைதானார். அந்த ஆரவாரத்தில்தான், தண்ணீரைப் பிரித்து எஞ்சினுக்கு வாயு அனுப்பும் குப்பி ஒன்றை நானும் சல்லி கொடுத்துப் பூட்டிக்கொண்டேன். பெற்றோல் மிஞ்சவில்லை, பற்றரிதான் பழுதானது.

காரணம் மிகச் சாதாரணமானது. தண்ணீரைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தை வாகனத்தின் டைனமோ தருகிறது. டைனமோவைச் சுற்றுவது எஞ்சின், எஞ்சினைச் சுற்றுவது பெற்றோல். பிரிக்கச் செலவாகும் சக்தியை விடக் குறைவாகவே அந்த வாயுவிலிருந்து திரும்பக் கிடைக்கும். ஒரு கையால் நூறு ரூபா கொடுத்து மறுகையால் அறுபது ரூபா வாங்கும் வியாபாரம் இது. நமக்கு விளங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் பெற்றோல் மிச்சம் பிடிப்பதாக விற்கப்படும் சாதனங்களில் நூற்றுக்கும் அதிகமானவற்றைச் சோதித்திருக்கிறது. பலன் தந்தவை மிகச் சிலவே, அதுவும் சொற்பம்.

2022இல் எனக்கு உதவியது எந்தச் சாதனமும் அல்ல, எங்கள் கராஜ் பாஸ்தான். வேனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஹாஜியார், இதுல பூட்டுறதுக்கு ஒண்டுமில்ல, கழட்டுறதுக்குத்தான் நிறைய இருக்கு" என்றார். பின்னால் வருடக்கணக்காகக் கிடந்த விலைப்படாத துணிக் கட்டுகளும் இரும்புத் தட்டுகளும் நூறு கிலோவுக்கு மேல் இருந்தன. இறக்கினோம். கூரையில் இருந்த கெரியரையும் கழற்றினோம். கொழும்பு நெரிசலில் அதனால் பெரிய வித்தியாசம் இல்லை, நெடுந்தூரம் வேகமாக ஓடுபவர்களுக்குத்தான் கெரியரால் அதிக நஷ்டம். டயர் மூன்றில் காற்றுக் குறைவு. பத்துப் பி.எஸ்.ஐ. குறைந்தால் பெற்றோலில் சுமார் இரண்டு வீதம் போய்விடும்.

ஆசைக்காகப் பஞ்சிகாவத்தையில் வாங்கிப் போட்டிருந்த அகலமான டயர்களையும் மாற்றி, கம்பனி அளவையே போட்டேன். அகல டயர் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உருள்வதற்கு அதிக பலம் கேட்கும். இன்னொன்று, டயரின் உயரம் மாறினால் கிலோமீற்றர் காட்டும் மீற்றரே பொய் சொல்லும். சிறிய டயர் போட்டவருக்கு ஓடாத தூரமும் ஓடியதாகக் காட்டும். "என்ட கார் நல்லா ஓடுது" என்று பள்ளிவாசல் முற்றத்தில் பெருமை பேசும் சிலரின் கணக்கு இப்படிப்பட்டதுதான்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய செலவு எனது வலது காலில்தான் இருந்தது. காலி வீதியில் ஒரு கலர் லைட் பச்சையானதும் பாய்ந்து போய், அடுத்த லைட்டில் பிரேக்கை அமுக்கி நிற்பது எனது வழக்கம். நெரிசலில் இப்படி முரட்டுத்தனமாக ஓட்டினால் பத்து முதல் நாற்பது வீதம் வரை எரிபொருள் வீணாகலாம் என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் சொல்கிறது. தூரத்தில் சிவப்பைக் கண்டதும் காலை எடுத்துவிட்டு, கியரிலேயே உருள விடப் பழகினேன். நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். இன்ஜெக்ஷன் எஞ்சினில் அது பிழை. கியரில் உருளும்போது பெற்றோல் போவதே நிற்கும், நியூட்ரலில் எஞ்சினை ஓட வைக்கக் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும். இறக்கத்தில் நியூட்ரல் ஆபத்தும் கூட. நீண்ட நேரம் நிற்க வேண்டி வந்தால் எஞ்சினை நிறுத்தினேன். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு, நெரிசலுக்கு முன்னரே புறப்பட்டேன். ஏசியை மட்டும் முற்றாக விட முடியவில்லை. ஏப்ரல் வெயிலில் கொழும்பில் ஓட்டியவர்கள் என்னை மன்னிப்பார்கள்.

இரண்டு மாதத்தில் கொப்பிக் கணக்கு எட்டிலிருந்து ஒன்பதரைக்கு வந்தது. ஒன்றரைக் கிலோமீற்றர்தானே என்று நினைக்க வேண்டாம். இருபது லீற்றருக்கு 190 கிலோமீற்றர். வீட்டுக்கும் கடைக்குமான 120ஐக் கழித்தால், சாமான் கொடுக்க மிஞ்சியது நாற்பது அல்ல, எழுபது. அல்ஹம்துலில்லாஹ், அந்த முப்பது கிலோமீற்றரில்தான் எனது தெஹிவளை வாடிக்கையாளர்கள் கைவிட்டுப் போகாமல் தப்பினார்கள்.

2023 செப்டம்பர் முதலாம் திகதி அந்தப் பங்கீட்டு முறையை நிறுத்தினார்கள். அன்று பின்னேரமே எனது தங்கையின் மகன் வேனை எடுத்துக்கொண்டு போய்த் தாங்கியை நிரப்பினான். அடுத்த வாரம் கொப்பியைப் பார்த்தேன், எட்டே கால்.