பரணில் இருக்கும் ரங்கூன்

உப்பிட்ட எலுமிச்சையும் மாங்காயும் ஊறிக் கிடக்கும் பெரிய பீங்கான் பாண்டத்தைத் தமிழ் பேசும் இல்லங்களில் ஜாடி என்கிறோம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உருது பேசும் இல்லங்களில் அதற்கு மர்தபான் என்று பெயர். அன்றாடம் அச்சொல்லைச் சொல்லி ஊறுகாய் எடுத்து வரப் பணிக்கும் நம் சகோதரிகளுள் பலருக்கு, அது ஓர் ஊரின் பெயர் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. பர்மாவின் தென்பகுதியில், சால்வீன் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் இருந்த பழைய துறைமுகமே மர்தபான். இன்று அதனை மொத்தமா என்று அழைக்கின்றனர். மெருகிட்ட பெரிய ஜாடிகள் அத்துறைமுகத்தின் வழியே நாலாபுறமும் சென்றன. அவற்றுள் சில அந்நாட்டிலேயே வனையப்பட்டவை. சில சீனத்திலிருந்து வந்து அங்கே கைமாறியவை. எங்கே வனைந்தது என்பதை விட்டு, எங்கே வாங்கியது என்பதையே வணிகர்கள் பெயராக்கினர்.

மொராக்கோவில் பிறந்து, நம் தமிழகத்திற்கும் வந்து மதுரை சுல்தானின் விருந்தினராய் இருந்த இப்னு பதூதா, 1355ஆம் ஆண்டு தம் பயண நூலைச் சொல்லி எழுதுவித்தார். கீழ்க்கடலில் ஓர் இளவரசி தமக்கு அளித்த அன்பளிப்புகளை அதில் பட்டியலிடுகிறார். கடற்பயணத்திற்கென உப்பிட்ட இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் நிரம்பிய நான்கு மர்தபான்களும் அப்பட்டியலில் உள்ளன. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் சென்றபின்னும் அதே பாண்டம், அதே பெயரில், அதே எலுமிச்சையோடு நம் அடுக்களையில் நிற்கிறது. அரசுகள் பல வந்து போயின. ஊறுகாய் மட்டும் தன் இருப்பிடத்தை மாற்றிக்கொள்ளவில்லை!

பீங்கான் என்ற சொல்லுக்கும் இதைப்போன்றதொரு வரலாறு உண்டு. பாரசீகத்தில் பிங்கான் என்றால் கிண்ணம். அரபு மொழிக்குச் சென்று அதுவே ஃபின்ஜான் ஆயிற்று. வளைகுடா நாடுகளில் பணிபுரிந்து திரும்பிய நம் சகோதரர்கள், காஹ்வா ஊற்றித் தரப்படும் சிறு கோப்பையை அப்பெயரால் அறிவார்கள். தமிழுக்கு வந்தபோது, கோப்பையின் பெயர் அது செய்யப்பட்ட பொருளுக்கே ஆகிவிட்டது.

முஸ்லிம் இல்லங்களில் பீங்கானுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். செல்வம் இருந்தும் பொற்தட்டில் உண்ணாத சமூகம், தன் கலையார்வத்தை மண்ணின்மீது செலுத்தியது. இஸ்தான்புல் நகரின் தோப்காபி அரண்மனையில் உஸ்மானிய சுல்தான்கள் சேர்த்த சீனப் பாண்டங்கள் மட்டும் பத்தாயிரத்திற்கும் மேல் இன்றும் உள்ளன. நம் வீடுகளில் காணும் வெள்ளைத் தட்டின் நீலப் பூவேலைக்கும் இதில் பங்குண்டு. அந்த நீலத்தைத் தரும் கோபால்ட் கனிமம் பாரசீகத்திலிருந்து சீனாவுக்குச் சென்றது. அதற்குச் சீனர்கள் இட்ட பெயரின் பொருளே முஸ்லிம் நீலம் என்பதுதான். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட செங்தே பேரரசரின் காலத்தில் அரபு எழுத்துக்கள் பொறித்த பீங்கான்களும் அங்கே செய்யப்பட்டன.

இவையெல்லாம் அரண்மனைச் செய்திகள். நம் வட்டாரத்திற்கு வருவோம்.

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரி ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். அதன் அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் அகழ்வாய்வு செய்தார். ரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகளும், இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் செய்த செந்நிறப் பாண்டங்களின் துண்டுகளும் அங்கே கிடைத்தன. சிலவற்றில் செய்தவரின் முத்திரை பதிந்திருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இக்கரையில் யார் யாரோடு வாணிபம் செய்தார்கள் என்ற வினாவிற்கு விடை கூறியவை கல்வெட்டுகள் அல்ல, ஓட்டுத் துண்டுகளே. வைத்திருந்தவர்கள் மறைந்தார்கள், உடைத்தெறிந்த குப்பை சாட்சி சொல்லிற்று.

அந்தச் சாட்சியத்தை நம் வீட்டுத் தட்டும் சொல்லும். அதனைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும், அவ்வளவே. எங்கள் வீட்டில் சிங்கப்பூர்த் தட்டு என்று வழங்கிய ஒன்று இருந்தது. நன்னியின் தந்தை அங்கிருந்து கொண்டு வந்தது. அடியில் இருந்த முத்திரையோ ஜப்பானுடையது. நன்னியிடம் இதைச் சொன்னபோது, ஜப்பானுக்கு யார் போனார்கள், என் அத்தா போனது சிங்கப்பூருக்குத்தான் என்றார்கள். மர்தபான் என்று பெயரிட்ட பழைய வணிகர்களின் வழக்கமும் இதுவேயன்றோ!

முத்திரைகளைப் படிப்பது கடினமன்று. ஜப்பானியப் பாண்டங்களில் நிப்பான் என்றிருந்தால் அது பெரும்பாலும் 1921க்கு முற்பட்டது. அமெரிக்கச் சுங்க விதி மாறியபின் ஜப்பான் என்று பொறித்தனர். ஆக்குபைடு ஜப்பான் என்றிருந்தால், இரண்டாம் உலகப் போரில் அந்நாடு தோற்று, அயலார் படையின்கீழ் இருந்த காலத்தது. 1952இல் அது முடிவுற்றது. செக்கோஸ்லோவாகியா என்று கண்டால் 1918க்கு முற்பட்டதாக இருக்க முடியாது; அதற்குமுன் அப்படியொரு நாடே இல்லை. அமர்ந்திருக்கும் ஸ்பிங்க்ஸ் உருவத்தோடு மாஸ்ட்ரிக்ட் என்றிருந்தால் ஹாலந்து நாட்டின் பெத்ரூஸ் ரெகௌ தொழிலகத்தினது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்த பெல் நிறுவனம், கீழை நாடுகளில் விற்பதற்கென்றே தன் தட்டுகளின் பூவேலைகளுக்கு மலாய்ப் பெயர்களைச் சூட்டியது. கிளாஸ்கோவில் வெந்து, பினாங்கில் விலைபோய், நாகப்பட்டினத்தில் இறங்கி, விழுப்புரம் சந்திப்பில் வண்டி மாறி வந்த தட்டில் ஈதுப் பெருநாளன்று சேமியாப் பாயசம் பரிமாறப்பட்டிருக்கிறது என்பதை எண்ணும்போது வியப்பே மேலிடுகிறது.

அக்கடல்வழியில் ரஜுலா என்னும் கப்பலை அறியாத குடும்பம் அந்நாளில் குறைவு. 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. பின்னர் வந்த எம்.வி. சிதம்பரம் 1985இல் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அந்தப் போக்குவரத்தும் முடிந்தது. அடுக்குச் சோற்றுப் பாத்திரம், பூப்போட்ட எனாமல் தட்டு, மூடியுள்ள கிண்ணம் ஆகியவை அக்கப்பல்களில் வந்தவை. புதுச்சேரிப் பக்கத்து உறவுடையோர் இல்லங்களில் சைகோன் பொருட்களையும் காணலாம். பிரெஞ்சு ஆட்சியின் காரணமாகப் புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம்கள் வியட்நாமில் வாணிபம் செய்தனர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் சைகோன் நகரின் நடுவில் எழுப்பிய பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடைபெறுகிறது.

பர்மாவின் கதை வேறு. 1941 டிசம்பர் 23ஆம் நாள் ரங்கூன்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அடுத்த சில மாதங்களில் இலட்சக்கணக்கான இந்தியர்கள் அந்நாட்டைவிட்டு வெளியேறினர். கப்பல் கிடைக்காதோர் அரக்கான் வழியிலும் மணிப்பூர் மலைவழியிலும் நடந்தே வந்தனர். வழியில் மடிந்தவர்கள் பல்லாயிரவர். போருக்குப் பின்னும் தங்கியோரை 1962ஆம் ஆண்டின் இராணுவப் புரட்சியும், 1964இல் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டதும் வெளியேற்றின. ஈட்டிய பொருளைக் கொண்டுவர அரசு அனுமதிக்கவில்லை.

ஆதலால் ஒரு வீட்டில் இருக்கும் பர்மியப் பொருளைக் கண்டால், அது எந்தக் காலத்தில் வந்தது என்பதை ஓரளவு ஊகிக்கலாம். ஆளுயர ஜாடியும் கனத்த பீங்கான் அடுக்கும் இருந்தால், அவை நல்ல காலத்தில், ஊருக்கு வந்துபோன பயணம் ஒன்றில், கப்பலில் ஏற்றி வந்தவையாக இருக்கும். மலைவழி நடந்தவர் தலையில் ஜாடி வராது. மூங்கிலை மெல்லிதாகச் சீவிப் பின்னி, மரப்பாலை அடுக்கடுக்காகப் பூசிச் செய்த வெற்றிலைப் பெட்டி வரும். பாகான் நகரத்துக் கைவினை அது. கைக்கு எடையில்லை, கீழே விழுந்தாலும் உடையாது. ஒரு கோப்பை, ஒரு கரண்டி, ஒரு பூட்டு என்று தனித்து நிற்கும் சிறு பொருட்களை நான் கூடுதல் மரியாதையோடு பார்ப்பது இதனால்தான். பூட்டிய வீட்டின் சாவியை எடுத்து வந்தவரும் உண்டு என்று கேட்டிருக்கிறேன்.

இத்தகைய பொருட்கள் இன்று எங்கே போகின்றன? செம்பும் பித்தளையும் எடைக்கு விலை போகும். ஆதலால் அவை எவர்சில்வர் பாத்திரங்களுக்கு மாற்றாக முதலில் வெளியேறின. உகால்தான் என்றும் படிக்கம் என்றும் வழங்கிய எச்சில் பாத்திரம், பாந்தான் என்ற வெற்றிலைப் பெட்டி ஆகியவை அவ்வாறு போனவை. பீங்கானை எடைக்கு வாங்குவாரில்லை. அது பரணில் ஏறும். வீடு இடிக்கும் நாளில் உடையும். பழம்பொருள் வணிகர் தேடி வந்தால் மொத்தமாய்ப் போகும். காரைக்குடியின் பழம்பொருட் கடைகளில் ஸ்வீடன் நாட்டு எனாமல் பாத்திரங்கள் குவிந்திருப்பதைக் கண்டவர்கள் அறிவார்கள். வாங்கிச் செல்வோர் அழகை வாங்குகிறார்கள். அது எந்த வீட்டில் யார் கையில் இருந்தது என்பது கடையிலேயே உதிர்ந்துவிடுகிறது. விற்பதைக் குறை கூறவில்லை. தேவையுடையோர் விற்கத்தான் செய்வர். விற்குமுன் முத்திரையைப் பார்த்து, மூத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாய் மறைந்தபின் நிலத்தையும் நகையையும் ஷரீஅத் முறைப்படி பங்கிடும் குடும்பங்களில்கூட, தட்டுமுட்டுச் சாமான்களை யார் அவ்வீட்டில் இருக்கிறாரோ அவரே எடுத்துக்கொள்வதைக் காண்கிறோம். பெற்றோர் விட்டுச் சென்றது கொஞ்சமாயினும் மிகுதியாயினும் அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்குண்டு என்பது திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் வகுத்த சட்டம். ஜாடியும் அதற்குள் அடக்கம். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகளுக்குத் தாயின் ஒரு கோப்பை வேண்டும் என்ற விருப்பம் இருக்கும். கேட்க நாணி இருப்பாள். வாரிசுகள் அனைவரும் கூடியிருக்கும்போதே அப்பொருட்களையும் நடுவில் வைத்து, மனம் ஒப்பிப் பிரித்துக்கொள்வது முறை. சஹனைப் பிளந்து பங்கிட முடியாது. ஒருவர் விட்டுக்கொடுத்து மற்றொன்றைப் பெறலாம்.

பயன்படுத்தலாமா என்று சில சகோதரிகள் வினவக்கூடும். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் எச்சரிக்கை தேவை. பழைய மெருகுகளிலும் வண்ணங்களிலும் ஈயம் கலந்திருக்கலாம். புளி, எலுமிச்சை, காடி போன்ற புளிப்புப் பொருட்கள் அதனைக் கரைத்து உணவில் சேர்க்கும். எங்கே செய்தது என்று அறியாத பழைய ஜாடியில் ஊறுகாய் இடாமல், அரிசியோ பருப்போ இட்டு வைக்கலாம். எனாமல் பெயர்ந்த இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும். அதில் சமைக்க வேண்டாம். விரிசல் கண்ட கோப்பையில் கொதிக்கும் தேநீர் ஊற்றினால் கை சுடும், கோப்பையும் போகும்.

நூறாண்டுக்கு மேற்பட்ட கைவினைப் பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்கு அனுப்ப எண்ணுவோர் இதனை அறிந்திருத்தல் நலம். அத்தகைய பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல முடியாது.

பொருளைக் காப்பதற்கு முன் அதன் செய்தியைக் காப்பது எளிது. ஒரு சிறு தாளில் எழுதி, பாண்டத்தின் உள்ளே இட்டு வைத்தால் போதும். பசையிட்டு ஒட்ட வேண்டாம், மெருகு கெடும். கொண்டு வந்தவர் பெயர், அவருக்கு நாம் என்ன முறை, எந்த ஊரில் எந்தத் தெருவில் என்ன தொழில் செய்தார், எந்த ஆண்டு, எந்தக் கப்பல், அடியில் உள்ள முத்திரை என்ன, யாருடைய நிக்காஹ் விருந்தில் பயன்பட்டது என்பவற்றைத் தெரிந்தவரையில் எழுதலாம். ஆண்டு நினைவில்லாத மூத்தவர்களிடம், குண்டு விழுந்ததற்கு முன்பா பின்பா என்று கேளுங்கள், உடனே சொல்லிவிடுவார்கள்.