முக ஒப்பனைத் தூரிகைகள்

முக ஒப்பனைத் தூரிகை என்பது மாவு, பசை, நீர்மம் ஆகிய வடிவங்களில் உள்ள ஒப்பனைப் பொருட்களை முகத்தில் சீராகப் பரப்பவும் கோடு தீட்டவும் பயன்படும் கருவியாகும். மேடை நடிகர்கள், மணப்பெண் அலங்காரம் செய்வோர், திருவிழாக்களில் வேடமிடும் பக்தர்கள் எனப் பலரும் இதனைப் பயன்படுத்துகின்றனர். தூரிகையின் வகையையும் தூய்மையையும் பொறுத்தே ஒப்பனையின் அழகும் தோலின் நலமும் அமைகின்றன.

வட்டார மரபு

விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூரில் உள்ள அங்காளபரமேசுவரி கோயிலில் மாசி மாதம் மகா சிவராத்திரியை அடுத்து மயானக் கொள்ளை விழா நடைபெறுகிறது. அம்மன் மயானத்திற்கு எழுந்தருளும் இவ்விழாவில் பக்தர்கள் காளி, அங்காளம்மன் போன்ற வேடங்களைப் புனைந்து ஊர்வலத்தில் ஆடி வருவர். செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் விழாவையொட்டி நடக்கும் பாரதக் கூத்திலும் முக ஒப்பனைக்கு முக்கிய இடமுண்டு. துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை அல்லது நீலம் என வண்ணத்தைக் கொண்டே பாத்திரத்தை அடையாளம் காணலாம். அடிப்பூச்சை விரலால் தடவி, அதன்மேல் கோடுகளையும் புள்ளிகளையும் மெல்லிய குச்சியாலோ தூரிகையாலோ இடுவது வழக்கம்.

ஒப்பனை போடுவதை 'அரிதாரம் பூசுதல்' எனத் தமிழில் கூறுகிறோம். அரிதாரம் என்பது ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் நிறக் கனிமம். சிவப்பு நிறம் தரும் சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. இரண்டும் நச்சுத்தன்மை உடையவை. எனவே முகத்திற்கென்று தயாரிக்கப்பட்ட வண்ணங்களையே இன்று பயன்படுத்த வேண்டும். சுவர் வண்ணம், படம் வரையும் வண்ணம், துணிச்சாயம் ஆகியவற்றை முகத்தில் பூசுவது தவறு.

தூரிகையின் அமைப்பு

தூரிகைக்கு மூன்று பகுதிகள் உண்டு. அவை கைப்பிடி, மயிர்க்கற்றை, இரண்டையும் இணைக்கும் உலோகப் பூண் என்பன. மயிர்க்கற்றை இரு வகைப்படும்.

1. இயற்கை மயிர்: ஆடு, அணில் போன்ற விலங்குகளின் மயிரால் ஆனது. இதன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் மாவு நன்கு ஒட்டும். ஆனால் நீர்மத்தை உறிஞ்சி வீணாக்கும்.

2. செயற்கை இழை: நைலான் போன்றவற்றால் ஆனது. நீர்மத்தை உறிஞ்சாது. பசை, நீர்மப் பூச்சுகளுக்கு ஏற்றது. கழுவுவதும் எளிது.

தேர்ந்தெடுக்கும் முறை

அடிப்பூச்சுக்கு அடர்ந்த இழைகள் கொண்ட தட்டையான அல்லது வட்டமான தூரிகை ஏற்றது. பவுடருக்குப் பெரிய, தளர்வான தூரிகையும், கன்னச் சிவப்புக்கு நடுத்தர அளவுள்ள தூரிகையும், கண்ணோரக் கோட்டிற்கு மெல்லிய முனை கொண்டதும் தேவை. வாங்கும்போது தூரிகையைக் கன்னத்தில் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். குத்தினாலோ, லேசாக இழுத்ததும் மயிர் உதிர்ந்தாலோ, பூண் ஆடினாலோ தவிர்த்துவிடலாம். தொடக்கத்தில் இந்த நான்கு வகைகளே போதும்.

பயன்படுத்தும் முறை

முதலில் முகத்தைக் கழுவி, ஈரப்பதமூட்டும் களிம்பைத் தடவிச் சில நிமிடங்கள் விட வேண்டும். அடிப்பூச்சைச் சிறிதளவு எடுத்து, முகத்தின் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிப் பரப்ப வேண்டும். கன்னத்துப் பூனைமயிர் கீழ்நோக்கி வளர்வதால் இறுதியாகத் தூரிகையைக் கீழ்நோக்கி ஓட்டினால் மயிர் படிந்து பூச்சு சீராகத் தெரியும். பரு, தழும்பு உள்ள இடங்களில் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் முன்பு வைத்த பூச்சும் பெயர்ந்துவிடும். பவுடர் எடுத்ததும் கைப்பிடியைத் தட்டி மிகுதியை உதிர்த்துவிட்டுப் பூச வேண்டும். திட்டுத்திட்டாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் ஒரே தடவையில் அதிகம் எடுப்பதே காரணம்.

வெயிலில் நெடுநேரம் ஆடுவோருக்கு வியர்வையால் பூச்சு வழியும். தடித்த ஒரே பூச்சைவிட மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகளும், இடையிடையே பவுடரும் நன்கு நிற்கும்.

தூய்மையும் தோல் நலமும்

தூரிகையில் தங்கும் எண்ணெய், இறந்த தோல் செல்கள், ஈரம் ஆகியவற்றில் நுண்ணுயிரிகள் பெருகும். விழாக்காலங்களில் ஒரே கிண்ணத்து வண்ணத்தை ஒரே தூரிகையால் பலருக்குத் தீட்டினால் தோல் தொற்றும், 'மெட்ராஸ் ஐ' எனப்படும் கண் நோயும் பரவக்கூடும். எனவே ஒவ்வொருவருக்கும் தனித் தூரிகை இருப்பது நல்லது. இயலாதபோது, கண்ணுக்கும் உதட்டுக்குமாவது தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். வண்ணத்தைத் தேவையான அளவு தனித் தட்டில் எடுத்துப் பயன்படுத்தலாம்.

நாள்தோறும் பயன்படும் தூரிகையை வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான ஷாம்பூவிலும் கழுவ வேண்டும். முனை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்துக் கழுவி, பிழிந்து, துணிமேல் படுக்கவைத்து நிழலில் உலர்த்த வேண்டும். நிமிர்த்தி வைத்தால் நீர் பூணுக்குள் இறங்கிப் பசையை இளக்கிவிடும், மயிரும் உதிரும்.

புதிய வண்ணத்தை முதல் நாளே முழங்கையின் உட்பக்கத்தில் தடவி 24 மணி நேரம் பார்ப்பது நல்லது. அரிப்போ தடிப்போ தோன்றினால் அதை முகத்தில் பூசக்கூடாது. வேடம் கலைக்கும்போது தேங்காய் எண்ணெயைத் தடவி, வண்ணம் இளகியபின் மெல்லிய துணியால் துடைத்து, பிறகு முகம் கழுவ வேண்டும். எரிச்சலோ பார்வை மங்கலோ நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும்.