கட்டிலுக்கு அடியில் 19 நாள்

புளோக்கின் கீழ்த்தளத்தில் எலும்பும் தோலுமாகக் கிடந்த பூனையைத் தூக்கி வந்ததும் மகள் பால் வைத்தாள். “பால் வேண்டாம், வயிறு போகும். ஈர உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள்” என்றார் கால்நடை மருத்துவர். பூனை சில நாள் சாப்பிடாமலே இருந்தால் கல்லீரல் கெட்டுவிடலாமாம்.

ஓர் அறை, மணல் தட்டு, தண்ணீர். அது கட்டிலுக்கு அடியில் பதுங்கியது. நாங்கள் தூக்கவில்லை, கொஞ்சவில்லை. தினமும் தரையில் உட்கார்ந்து நாளிதழ் படித்தேன். 19ஆம் நாள் தானாக வந்து காலில் உரசியது.

2024 செப்டம்பர் முதல் வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். ஆனால் பத்தாம் மாடி ஜன்னலிலிருந்து விழுவதை உரிமம் தடுக்காதே! தத்தெடுக்கக் கேட்டவர்களில், வலை அடித்துவிட்டு அழைத்தவரிடமே கொடுத்தேன். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.